“சத்தம் போடாதே!”

“சத்தம் போடாதே!” என்னும் இவ்விரு சொற்களையும் என் உத்தியோகத்தின் முதல் வருடத்தில் எத்தனை ஆயிரந் தரம் உச்சரித்தேனோ, கணக்கில்லை. ஒன்று மட்டும் நன்றாக நினைவிருக்கிறது: அச்சொற்களால் ஒரு நாளேனும் சத்தம் அடங்கியதில்லை. பிள்ளைகளின் கூச்சலோடு என் கூச்சலும் சேர்ந்து கூரைத் தகரம் அதிர்ந்ததே கண்ட பலன். மழலையின் இனிமையை வியந்து பாடிய வள்ளுவர், இருபத்தாறு மழலைகளை ஒரே தகரக் கூரையின் கீழ் இருத்தி ஒரு முழுநாள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ என்று அந்நாட்களில் நான் நினைத்ததுண்டு.

அது 1998 ஆம் ஆண்டு. மலைநாட்டுத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. வயது இருபத்திரண்டு. பாலர் கல்வியில் சிறிதளவு பயிற்சியும், ஒழுங்கு என்றால் அமைதி என்ற அசையாத நம்பிக்கையும் என்னிடம் இருந்தன.

பிள்ளைக் காம்பரா என்பது மலைநாட்டு வாசகர்களுக்குப் புதிதன்று. ஏனையோருக்காகச் சிறிது சொல்லல் வேண்டும். தாய்மார் கொழுந்து பறிக்க மலையேறும்போது கைக்குழந்தைகளையும் பள்ளி செல்லும் வயது வராத பிள்ளைகளையும் விட்டுச் செல்லும் இடம் அது. ‘காம்பரா’ என்பது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். அறை என்பது அதன் பொருள். பிற்காலத்தில் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்ற பெயர் வந்தது. பல தோட்டங்களில் கட்டடங்களும் புதியனவாயின. ஆயினும் லயத்து மனிதரின் வாய்க்குப் பழைய பெயரே இன்றும் இசைவாக இருக்கிறது.

நான் பணிபுரிந்த காம்பரா பழையது. கருங்கற் சுவர், சீமெந்துத் தரை, மேலே வெறுந் தகரம். ஒரு பக்கம் உத்திரத்தில் சேலைத் தொட்டில்கள் தொங்கும், அவற்றிலே கைக்குழந்தைகள். மறுபக்கம் இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையான இருபத்தாறு பிள்ளைகள். இரு பகுதியையும் பிரிப்பதற்கு ஒரு தட்டிகூட இல்லை. இரண்டு ஆயம்மாக்களும் நானும் அவர்களுக்குக் காவல். காலை ஏழு மணிக்கு முன்பே பிள்ளைகள் வரத் தொடங்குவர். பாலூட்டும் தாய்மார் முற்பகலில் ஒரு தரம் மலையிலிருந்து இறங்கி வந்து போவர். தாயைக் கண்ட குழந்தை ஒன்றென்றால், தாய் வராத குழந்தைகள் ஐந்து அழும். அழுகை அடங்குமுன் சோற்று நேரம் வந்துவிடும்.

அக்கூட்டத்தில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவனை எல்லோரும் ‘லொறி’ என்றே அழைப்பர். கொழுந்து லொறி வளைவில் ஏறும்போது எழுப்பும் ஓசையைத் தொண்டைக்குள் உருட்டியபடி நாள் முழுவதும் காம்பராவைச் சுற்றிவருவான். வாய் திறந்து பேசினாலோ உரத்த குரல், சொல்லும் தெளிவில்லை. “லொறி, நில்!” என்றால் நில்லான். “உட்கார்!” என்றால் உட்காரான். மூலையில் நிறுத்தினேன், விறாந்தையில் தனியே இருத்தினேன், அடிமட்டத்தால் மேசையைத் தட்டி மிரட்டினேன். பயனில்லாமற் போகவே, மாலையில் அவனை அழைத்துச் செல்ல வரும் தாயிடம் முறையிடத் தொடங்கினேன்.

அவள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நான் சொல்வதை நின்று கேட்பாள். பதில் ஒன்றும் பேசாள். ஒரு நாள் என் முறைப்பாடு முடிந்ததும், என் கண் முன்னாலேயே அவன் முதுகில் இரண்டு அடி வைத்தாள். அவன் அழவில்லை, எதற்கு அடி விழுந்தது என்பது விளங்காதவனாய்த் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். என் சொல்லுக்கு மதிப்புக் கிடைத்ததென்று அன்று நான் உள்ளூர மகிழ்ந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆயினும் எழுதத்தான் வேண்டும்.

மழை விட்ட வேளை

ஆடி மாதத்து நண்பகல் ஒன்று. தகரத்தின் மேல் மழை கொட்டியது. மலைநாட்டு மழையையும் தகரக் கூரையையும் அறிந்தவர்க்கு அவ்வோசையை விவரிக்க வேண்டுவதில்லை. மழையை வெல்லப் பிள்ளைகள் கத்தினர். பிள்ளைகளை வெல்ல நான் கத்தினேன். தொண்டை கம்மிவிட்டது. திடீரென மழை விட்டது. கூச்சலும் ஒரு கணம் ஓய்ந்தது. கம்மிய குரலில், மெல்ல, “சோறு சாப்பிட வாருங்கள்” என்றேன். இருபத்தைந்து பிள்ளைகளும் கைகழுவத் தண்ணீர்க் குழாயை நோக்கி ஓடினர். லொறி மட்டும் சுவரைப் பார்த்து நின்று தன் வண்டியைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டிருந்தான்.

இது வேண்டுமென்றே செய்யும் அடங்காமை என்று எண்ணி அடிமட்டத்தை எடுத்தேன். மூத்த ஆயம்மா என் கையைப் பிடித்தார்.

“அடிக்காதீங்க டீச்சரம்மா. அவனுக்குப் பின்னால நின்னு கூப்பிட்டுப் பாருங்க. நானும் ரெண்டு நாளாப் பாக்குறேன். அவனுக்குக் கேக்கல போல இருக்கு.”

பின்னால் நின்று அழைத்தேன். திரும்பவில்லை. சற்று உரக்க அழைத்தேன். அப்போதும் இல்லை. கையைப் பலமாகத் தட்டியதும் திரும்பினான். என் முகத்தைக் கண்டதும், கண்ணைப் பாராது உதடுகளைப் பார்த்தான்; பார்த்துச் சிரித்தான். என் கையில் இன்னும் அடிமட்டம் இருந்தது.

தோட்டத்து மருந்துச்சாலையில் காதைச் சோதித்துக் கடிதம் கொடுத்தனர். இரண்டு பஸ் மாறி நகரத்து வைத்தியசாலைக்குத் தாயும் நானும் அவனை அழைத்துச் சென்றோம். இரு செவிப்பறைகளுக்கும் பின்னால் நீர் தேங்கியிருப்பதாக வைத்தியர் கூறினார். சிறு பிள்ளைகளிடம் இது அரிதான நோயன்று. நடுச் செவியையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் குழாய் பெரியவர்களுக்குச் சரிவாகவும் நீளமாகவும் அமைந்திருக்கும். சிறுவருக்கு அது குறுகியும் ஏறக்குறையக் கிடையாகவும் இருப்பதால், தடிமன் வந்தால் இலகுவில் அடைத்துக்கொள்ளும். நடுச் செவியில் நீர் நிற்கும். வலி அதிகம் இராது. ஆகவே ஒருவரும் அறியார். காதைப் பொத்திக்கொண்டு கேட்பது போல உலகம் மங்கிக் கேட்கும். இத்தகைய பிள்ளைகளிற் சிலர் வழக்கத்திலும் உரத்துப் பேசுவர். சிலர் குரல் தாழ்ந்து ஒதுங்கிவிடுவர். முன்னவரை நாம் குழப்படிகாரர் என்போம். பின்னவரை நல்ல பிள்ளைகள் என்போம். இரண்டும் பிழை.

திரும்பி வரும் வழியில் தாய் பஸ் யன்னலோரத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்னர், “கேக்காத புள்ளயப் போட்டு அடிச்சிருக்கேனே டீச்சர்” என்றாள். “நான் சொல்லித்தானே நீங்கள் அடித்தீர்கள்” என்று சொல்ல எனக்கு அப்போது நா எழவில்லை. அதைச் சொல்லப் பல நாள் சென்றது.

குரலை உயர்த்துவது யார்?

அதன் பின்னரே கூச்சலை அடக்குவதை விட்டுக் கூச்சலைக் கேட்கத் தொடங்கினேன். அது எங்கிருந்து வருகிறது, எந்நேரத்தில் வருகிறது, எதன் பொருட்டு வருகிறது என்று பார்த்தபோது, அதிற் பெரும்பங்கு பிள்ளைகளால் விளைவதன்று என்பது தெரிந்தது.

பிரான்ஸ் நாட்டு வைத்தியர் லொம்பார்ட் என்பவர் 1911 ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டார். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் காதில் இரைச்சலை ஒலிக்கச் செய்தால், அவர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார். இரைச்சல் நின்றதும் தாழ்த்துகிறார். இருபத்தாறு பிள்ளைகளுள்ள அறையில் இது எவ்வாறு நிகழும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒருவன் உயர்த்த, பக்கத்திலிருப்பவன் உயர்த்த, அவ்வாறே ஒவ்வொருவரும் உயர்த்த, ஈற்றில் எல்லாருக்கும் மேலாக ஆசிரியை உயர்த்துகிறாள். அவளுடைய குரலே அந்த ஏணியின் கடைசிப் படி. கீழிறங்க வேண்டுமாயின் அவளே முதலில் இறங்கல் வேண்டும்.

ஆகவே, இருந்த இடத்திலிருந்து அழைப்பதை நிறுத்தினேன். பிள்ளையிடம் நடந்து சென்று, குந்தி, அதன் கண்ணுக்கு நேரே என் முகத்தை வைத்து, தோளைத் தொட்டு, ஒரே ஒரு வசனம் பேசினேன். “ஓடாதே” என்பதற்குப் பதிலாக “உள்ளே நடப்போம், முற்றத்தில் ஓடுவோம்” என்றேன். செய்யக் கூடாததைச் சொன்னால், செய்ய வேண்டியது எது என்பதைச் சிறு பிள்ளை தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அது நான்கு வயதுக்கு எளிய காரியமன்று. லொறிக்காக நான் பழகிய இம்முறை மற்ற இருபத்தைந்து பேருக்கும் பொருந்தியது.

சுவரும் தரையும்

அடுத்த குற்றவாளி கட்டடம். 1895 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில், எதிரொலியால் ஒரு சொல்லும் விளங்காத விரிவுரை மண்டபமொன்றைச் சீராக்கும் பணி சபைன் என்னும் இளம் விஞ்ஞானியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் வேறொரு மண்டபத்து ஆசனங்களின் மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, மெத்தை கூடக்கூட ஓசை விரைவில் மாய்வதை அளந்து கண்டார். கல்லும் சீமெந்தும் தகரமும் ஓசையைத் திருப்பி எறிகின்றன. துணியும் பஞ்சும் அதை விழுங்குகின்றன. வகுப்பறையில் ஓசை மாய்வதற்கு எடுக்கும் நேரம் 0.6 வினாடியளவில் இருத்தல் நன்றென்றும், பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்கு மேற்படலாகாதென்றும், பாலர் துயிலும் அறையில் அது 30 ஐத் தாண்டலாகாதென்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 1999 ஆம் ஆண்டில் விதந்துரைத்தது. முப்பது டெசிபல் என்பது காதோடு காதாகப் பேசும் இரகசியத்தின் அளவு. எங்கள் காம்பராவுக்கு இவை எட்டாக் கனிகள்.

மெத்தைக்கு எங்கே போவது? தோட்டத்திலே சாக்குக்குப் பஞ்சமில்லை. பழஞ் சாக்குகளைத் துவைத்து, வெயிலிற் காய வைத்து, இரட்டையாகத் தைத்து, ஆயம்மாக்கள் இருவரும் சுவரிலே தொங்கவிட்டனர். தரையிற் பாய்கள் விரித்தோம். வாங்குக் கால்களுக்குப் பழந்துணி சுற்றினோம். மழையோசை குறையவில்லை, ஆனால் வாங்கு இழுபடும் கிறீச்சொலி போயிற்று. பிள்ளைகள் பேசுவது தனித்தனிக் குரலாகக் காதில் விழத் தொடங்கியது. மழை கொட்டும் வேளைகளிலோ, வெல்ல முடியாத எதிரியோடு போரிடுவதை விட்டோம். அப்போது பேச்சே கிடையாது. கையாலும் முகத்தாலும் பேசும் சைகை விளையாட்டுத்தான். அதில் லொறியே தலைவன்.

காத்திருத்தல் என்னும் வேதனை

கூச்சல் எந்நேரத்தில் உச்சமடைகிறது என்று பார்த்தேன். விளையாடும்போதன்று, சும்மா இருக்கும்போது. ஒரே தண்ணீர்க் குழாயின் முன் இருபத்தாறு பிள்ளைகளை நிறுத்தினால், இருபத்தைந்து பேர் வேலையற்றவர். பெரியவர்களே தபாற் கந்தோரில் வரிசையில் நின்றால் முணுமுணுக்கிறோம். பசித்த பிள்ளை தள்ளுவதும் கத்துவதும் அதிசயமா? நான்கு நான்கு பேராகக் குழாய்க்கு அனுப்பி, மற்றவரை விரலசைத்துப் பாடும் பாட்டிலே இருத்தினோம். காலையில் ஒரு பாதி முற்றத்தில் ஆயம்மாவோடு மண்ணில் விளையாட, மறுபாதி உள்ளே இருக்கும். பின்னர் இடம் மாறும். முற்றத்தில் எவ்வளவு கத்தினாலும் தடையில்லை. கத்துவதற்கும் ஓரிடம் வேண்டுமல்லவா?

விளையாடும் பிள்ளை தனக்குத் தானே ஓயாது பேசிக்கொள்வதையும் அப்போதுதான் கவனித்தேன். “இது இங்கே… இல்லை… இது பெரிசு…” என்று கட்டைகளை அடுக்கும்போது பேசுகிறது. யாரோடு பேசுகிறது? ருசிய நாட்டு உளவியலறிஞர் வைகொட்ஸ்கி, 1934 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் இதற்கு விடை கூறியுள்ளார்: அது வீண் பேச்சன்று, வெளியே கேட்கும் சிந்தனை. வேலை கடினமாகுந்தோறும் அப்பேச்சு மிகும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது உள்ளே அடங்கி மௌனமான எண்ணமாக மாறும். அப்பிள்ளையைப் பார்த்து “வாயை மூடு” என்பது “நினைக்காதே” என்று சொல்வதற்கு ஒப்பாகும். எத்தனை பிள்ளைகளை நான் நினைக்கவிடாமல் தடுத்தேனோ!

தொட்டிலே குரு

ரோமாபுரியின் ஏழைப் பகுதியான சான் லொரன்சோவில் 1907 ஆம் ஆண்டு சனவரி 6 ஆம் நாள் மரியா மொண்டிசோரி அம்மையார் தமது முதற் ‘சிறுவர் இல்லத்தை’ ஆரம்பித்தார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் மாடிப்படிகளிலும் முற்றத்திலும் கட்டறுத்துத் திரிந்த பிள்ளைகளே அங்கே சேர்க்கப்பட்டனர். லயத்துப் பிள்ளைகளின் நிலைக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை. ஒரு நாள் அம்மையார் நான்கு மாதக் கைக்குழந்தையொன்றை வகுப்பறைக்குத் தூக்கி வந்து, இக்குழந்தை எவ்வளவு அமைதியாக இருக்கிறது, மூச்சுவிடும் ஓசைகூடக் கேட்கவில்லையே என்று பிள்ளைகளுக்குக் காட்டினார். பிள்ளைகள் வியந்து, தாமும் மூச்சையடக்கி அசையாதிருந்தனர். அவ்வமைதியில், வெளியே கேட்ட மிக மெல்லிய ஓசைகளும் அவர்கள் காதில் விழுந்தன. அங்கிருந்து பிறந்ததே ‘மௌன விளையாட்டு’. பின்னாளில் 1939 ஆம் ஆண்டில் அடையாற்றுக்கு வந்த அம்மையார், 1944 ஆம் ஆண்டில் நம் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்திச் சென்றார்.

எங்கள் காம்பராவில் கைக்குழந்தையைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆனால் அதுவரை, தொட்டிற் குழந்தைகளைக் காட்டிப் பெரிய பிள்ளைகளை அதட்டுவதே என் வழக்கம். இனி முறையை மாற்றினேன். நாளுக்கு இருவராகப் பிள்ளைகள் தொட்டிலாட்டும் பொறுப்பை ஏற்றனர். தொட்டிலின் கயிற்றைப் பிடித்த கணமே அப்பிள்ளையின் குரல் தானாகத் தாழ்ந்தது. கத்த வந்த தோழனை அதுவே விரலை உதட்டில் வைத்துத் தடுத்தது. என் கட்டளையால் வராத அமைதி, தூங்கும் குழந்தையின் முகத்தைக் கண்டு வந்தது.

ஓர் உண்மையையும் மறைத்தலாகாது. இவ்வளவும் செய்த பின்னும் எங்கள் காம்பரா கோயில் மூலஸ்தானம் போல் ஆகிவிடவில்லை. பிள்ளைகள் சிரித்தனர், சண்டையிட்டனர், தாய் போனதற்கு அழுதனர். காய்ச்சற் காலங்களிலும், ஆயம்மா ஒருவர் வராத நாட்களிலும் பழைய இரைச்சல் திரும்பி வந்தது. மூவர் இருபத்தாறு பேரையும் தொட்டில்களையும் பார்ப்பதில் உள்ள சிரமத்தைச் சாக்குத் துணியால் மறைத்துவிட முடியாது. குழந்தைகள் கூட்டமாக இருக்குமிடங்களில் ஒழுங்கில்லை என்று குறை கூறுவோர், முதலில் அங்குள்ள கைகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஸ்கொத்லாந்திலே, நியூ லனார்க் என்னும் ஊரிலே, தமது பஞ்சாலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக 1816 ஆம் ஆண்டில் பாலர் பாடசாலை திறந்த ரொபேட் ஓவன் என்பார், அங்கு நியமித்தவர்களுக்கு இட்ட முதற் கட்டளை, எப்பிள்ளையையும் அடிக்கலாகாது, சொல்லாலும் செயலாலும் அச்சுறுத்தலாகாது, இன்முகத்தோடும் அன்பான குரலோடுமே பேசல் வேண்டும் என்பதாகும். அக்கட்டளை இட்டு இருநூறு ஆண்டு கடந்துவிட்டது. எனக்கோ அதைக் கற்க ஒரு சிறுவனின் காது வேண்டியிருந்தது.

அவன் கதையை முடித்துவிடுகிறேன். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தனர். சிலருக்கு நீர் தானே வற்றிவிடும், அவனுக்கு வற்றவில்லை. செவிப்பறையிலே சிறு குழாய் பொருத்தினர். அவன் காம்பராவுக்குத் திரும்பி வந்து சில நாட்களில் ஒரு பிற்பகல் மழை பிடித்தது. தகரத்தின் மேல் முதற் பாட்டம் விழுந்ததுதான் தாமதம், அவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான். கூரையை நிமிர்ந்து பார்த்து, என் குரலையும் என் முகத்தையும் அப்படியே வைத்து, “சத்தம் போடாதே!” என்றான். ஆயம்மாக்கள் சிரித்தனர். நானும் சிரித்தேன், ஆனால் அந்த முகம் என்னுடையது என்று தெரிந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

இன்று பாலர் நிலையங்களில் புதிதாகச் சேரும் இளம் பெண்கள், “இந்தச் சத்தத்தை எப்படி அடக்குவது?” என்று என்னிடம் கேட்பதுண்டு. மேலே சொன்னவற்றையெல்லாம் அவர்களுக்கும் சொல்கிறேன். ஆனால் அவற்றுக்கு முன்னதாக ஒன்று சொல்வேன்: கூட்டத்திலே மிக உரத்துக் கத்தும் பிள்ளையையும், ஒரு சொல்லும் பேசாத பிள்ளையையும் முதலில் தேடிப் பிடியுங்கள், அவர்களுக்குப் பின்னால் நின்று மெல்லப் பெயர் சொல்லி அழையுங்கள். திரும்பிப் பார்க்கிறார்களா என்று பாருங்கள். அடக்குவதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.